தற்காலிகம் என்றால் எத்தனை நாள்?

யாழ்ப்பாணத்தில் ஒரு வீதியை மூட நான்கு தடுப்புகளும் இரண்டு பொலிஸ்காரரும் போதும். மூடியது சரிதான் என்று அந்த வீதியில் கடை வைத்திருப்பவரையும், அதால் பஸ் ஓட்டுகிறவரையும், தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற மகளையும் ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பெரிய வேலை. வீதி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து, பிறகு போக்குவரத்து அளவீட்டுக் குழுக்களோடு அலைந்த என்னுடைய உத்தியோக காலத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலையிலேயே கழிந்தது. தார் போடுவதை யாரும் எதிர்ப்பதில்லை. இருக்கிற தாரில் யார் போகலாம், எந்த நேரம் போகலாம் என்று கேட்கத் தொடங்கினால்தான் ஊர் கூடும்.

யாழ். நகரின் நடுப்பகுதி சின்னது. 1850 இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியில் தொடங்கி இன்று போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிற பெரியாஸ்பத்திரி, மத்திய பஸ் நிலையம், நவீன சந்தை, பெரிய கடை, கன்னாதிட்டி நகைக்கடைகள் எல்லாமே நடந்து போகிற தூரத்துக்குள். ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி, மின்சார நிலைய வீதி, ஸ்ரான்லி வீதி, காங்கேசன்துறை வீதி என்று நாலைந்து வீதிகள் இவ்வளவையும் சுமக்கின்றன. குடாநாட்டின் பஸ்கள் பெரும்பாலும் இங்கே வந்து முடிகின்றன. காரைநகர் பஸ்சும் குறிகட்டுவான் பஸ்சும் பருத்தித்துறை பஸ்சும் நகரை ஊடறுத்துப் போவதில்லை. வந்து, நின்று, திரும்பிப் போகின்றன. மானிப்பாயில் இருந்து சாவகச்சேரிக்குப் போகிறவரும் இங்கே இறங்கி மாறி ஏற வேண்டும். ஓடுகிற பஸ்சுக்கு வீதி போதும். நிற்கிற பஸ்சுக்கு நிலம் வேண்டும். எங்கள் நகரின் நெரிசல், பாதிக்கு மேல், நிற்கிற வாகனங்களின் நெரிசல்.

இதற்குள் இரண்டு வகை பஸ்கள். 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் கம்பனிகளை அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. 1979 இல் தனியாருக்கு மறுபடி வழி திறந்தது. அன்றிலிருந்து சிவப்பு பஸ் ஒரு கணக்கில், மினிபஸ் இன்னொரு கணக்கில். சிவப்பு பஸ் நேரத்துக்கு வெளிக்கிடப் பார்க்கும். மினிபஸ் ஆட்கள் நிரம்பும்வரை பார்க்கும். முன்னால் போனவன் விட்டுவிட்டுப் போன ஆட்களே பின்னால் வருகிறவனின் வருமானம். அதனால் சந்திக்குச் சந்தி ஊர்ந்து போவதும், பின்னால் மற்ற பஸ் தெரிந்ததும் பாய்வதும் சாரதியின் குணத்தில் வருவதல்ல. சம்பளம் கிடைக்கிற முறையில் வருவது. வீதியில் கோடு கீறுவதற்கு முதல் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். நேர அட்டவணையை மாற்றாமல் தரிப்பிடத்தை மட்டும் மாற்றினால் நெரிசல் பத்து யார் தள்ளிப் போய் நிற்கும்.

எங்கள் வேலை எண்ணுவதில் தொடங்கும். சந்தியின் ஒவ்வொரு மூலையிலும் ஒருவர், கையில் பலகை, பலகையில் படிவம். கால் மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம். நாலு கோடு, ஐந்தாவது குறுக்குக் கோடு. சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார், வான், மினிபஸ், பெரிய பஸ், லொறி, உழவு இயந்திரம், லான்ட்மாஸ்டர் என்று நிரல்கள். பாடசாலை தொடங்கும் ஏழரைக்கு முந்தின அரை மணித்தியாலமும், விடுகிற ஒன்றரைக்குப் பிந்தினதும் கை ஓயாது. ஆஸ்பத்திரியில் கிளினிக் நாளென்றால் காலையில் ஆஸ்பத்திரி வீதி தனிக் கதை. நோயாளரைப் பார்க்கிற நேரமென்றால் மத்தியானம் இன்னொரு கதை.

அலுவலகத்துக்கு வந்தபின் இந்தக் கோடுகள் எல்லாம் ஒரே அலகுக்கு மாறும். ஒரு கார் ஒன்று. பஸ் இரண்டுக்கு மேல். மோட்டார் சைக்கிள் அரைக்குக் கிட்ட. சைக்கிள் அதிலும் சிறு பின்னம். வாகனம் வீதியில் பிடிக்கிற இடத்தை அளக்க இந்த முறை நல்லது. ஆனால் அறிக்கையில் அதுமட்டுமே இருந்தால், ஐம்பது பேரை ஏற்றி வந்த பஸ் இரண்டு மூன்று கார்களின் தொந்தரவாகத் தெரியும். யுத்த காலம் முழுக்க இந்தக் குடாநாட்டைச் சுமந்த சைக்கிள் காணாமலே போய்விடும். அதனால் ஆட்களையும் எண்ண வேண்டும் என்று எங்கள் குழுவில் நான் நின்று பிடிப்பேன். பஸ்சுக்குள் நிற்கிறவர்களைச் சந்தியில் நின்று எண்ணுவது கஷ்டம். 'இருக்கை நிறைந்தது', 'நடைபாதை நிறைந்தது', 'மிதிபலகையில் தொங்குகிறார்கள்' என்று மூன்று அடையாளம் வைத்துக்கொண்டால் போதும்.

ஆட்களை எண்ணினால் முடிவே மாறிவிடும் என்பதற்கு டெல்லி சாட்சி. அங்கே அம்பேத்கர் நகரில் இருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீற்றருக்கு 2008 இல் பஸ்சுக்கென்று தனித் தடம் அமைத்தார்கள். கார்க்காரர் கொதித்தார்கள், வழக்கு வந்தது. 2012 இல் தடத்தை எல்லா வாகனத்துக்கும் திறந்துவிட்டுச் சோதித்த மத்திய வீதி ஆராய்ச்சி நிறுவனம், தடம் இல்லாமல் விட்டால் போக்குவரத்து நன்றாக ஓடுகிறது என்றது. வாகனக் கணக்கில் அது பொய்யில்லை. ஆனால் அந்த வீதியால் போகிற ஆட்களில் பெரும்பங்கு பஸ்சில் இருப்பதைப் பார்த்த உயர் நீதிமன்றம் அதே வருடம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிறகு அரசியல் வென்றது. 2016 இல் தடத்தை உடைத்தார்கள். வழக்கில் வென்ற ஒன்று தெருவில் தோற்றதை நான் அடிக்கடி நினைப்பேன். பஸ்சில் போகிறவர் எத்தனை ஆயிரம் இருந்தாலும் தடத்துக்காக வாய் திறப்பவர் அவர்களில் குறைவு. சிக்னலில் நிற்கிற கார்க்காரர் தினமும் பேசுவார்.

இழப்பும் நன்மையும் விழுகிற விதம் அப்படி. ஒரு வீதியை ஒருவழியாக்கினால் ஆயிரம் பேருக்குத் தலைக்கு இரண்டு நிமிடம் மிச்சம். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. வாசலில் வாகனம் நிற்காமல் போன இரண்டு கடைக்காரருக்கும், தரிப்பிடம் பறிபோன ஓட்டோக்காரருக்கும் அது வயிற்றுப் பிரச்சினை. கூட்டத்துக்கு வருவது இவர்கள்தான். அவர்களைச் 'சுயநலக்காரர்' என்று எழுதிவிட்டு வருகிற அதிகாரி வேலை தெரியாதவர். நான் எந்தச் சந்திக்குப் போனாலும் முதல் விசாரிப்பது ஓட்டோத் தரிப்பிடத்தில். எந்தக் கடைக்கு எந்த நேரம் லொறி வரும், எந்த ஒழுங்கையால் அம்புலன்ஸ் தப்பி ஓடும், மழைக்கு எந்த இடம் தாழும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"தம்பி, உங்கட படத்தில இந்த ஒழுங்கை நேரா இருக்கு. மாரியில வந்து பாருங்கோ, முழங்கால் தண்ணி" என்று ஒருவர் சொன்னார். மாற்றுப் பாதையாக நாங்கள் அம்புக்குறி போட்டு வைத்திருந்த ஒழுங்கை அது. அம்புக்குறி இடம் மாறியது.

யாழ்ப்பாணத்தில் வீதியை மூடிப் பார்க்கிற பழக்கமே இல்லை என்று சிலர் சொல்வார்கள். நல்லூரை மறந்துவிட்டுச் சொல்கிற பேச்சு அது. ஒவ்வொரு வருடமும் நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்கு 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்கு மூடப்படுகின்றன. பருத்தித்துறை வீதியால் வருகிற பஸ்கள் கோயில் வாசலை விட்டுச் சுற்றிப் போகின்றன. மாநகர சபையும் பொலிஸும் முன்கூட்டியே அறிவிக்கின்றன, சந்திகளில் தடுப்புகள், உள்ளே குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு, சுற்றுவட்டார வளவுகள் எல்லாம் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் விடுகிற இடங்கள். தேரன்று நகரின் ஒரு பெரும்பகுதி காலால் மட்டும் இயங்குகிறது. தெற்காசியாவில் இவ்வளவு நீண்ட, இவ்வளவு ஒழுங்கான நடைவீதித் திட்டத்தைக் காட்டுங்கள் என்றால் பொறியியலாளர்கள் புத்தகம் புரட்டுவார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கூட்டமும் இல்லை, வழக்கும் இல்லை.

பக்திதான் காரணம் என்று சொல்லிவிட்டு நகரலாம். வேலை தெரிந்தவருக்கு அந்த விடை போதாது. நல்லூரில் நான் கண்ட காரணங்கள் வேறு. கொடியேற்றம் எப்போது, தீர்த்தம் எப்போது என்பது பஞ்சாங்கத்தில் இருக்கிறது. மூடுகிற நாளும் திறக்கிற நாளும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எதற்காக மூடுகிறார்கள் என்பதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூடிய வீதியில் வாகனத்துக்குப் பதிலாக ஆட்கள் வருகிறார்கள்; கச்சான்காரருக்கும் ஐஸ்கிறீம் கடைக்கும் வளவில் சைக்கிள் விடுகிற வீட்டுக்காரருக்கும் வருமானம் வருகிறது. கடைசியாக, சொன்ன நாளில் தடுப்பு எடுபடும். போன வருடம் எடுத்தார்கள், அதற்கு முந்தின வருடமும் எடுத்தார்கள். அந்த நம்பிக்கைதான் இந்த வருடத் தடுப்பை நிறுத்தி வைக்கிறது.

நகரின் மற்றப் பக்கங்களில் அந்த நம்பிக்கை இல்லை. அதற்கும் காரணம் உண்டு. எங்கள் தலைமுறைக்கு வீதியில் பீப்பாவும் தடியும் என்றால் காவலரண். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடுண்டபோது எப்போது திறக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுமார் மூன்றரை வருடம் ஊர் கப்பலையும் விமானத்தையும் நம்பிக் கிடந்தது. வலிகாமம் வடக்கில் 1990 இல் இழந்த வீதிகள் பலவற்றைப் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் காணாமலே வளர்ந்தார்கள். வசாவிளான் – பலாலி வீதி 2025 ஏப்ரலில், 35 வருடத்துக்குப் பிறகு, காலை 6 மணியில் இருந்து மாலை 5 மணி வரை என்று திறந்தது. நடந்து போகக் கூடாது, இடையில் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை மற்ற ஊர்க்காரர் வாசிக்கிற மாதிரி எங்கள் ஊர்க்காரர் வாசிக்க மாட்டார்.

ஒரு முறை சந்தையடிப் பக்கத்தில் ஓர் ஒருவழித் திட்டத்துக்காகக் கடை கடையாகப் போனேன். மூடப்போவதில்லை, திசையைத்தான் மாற்றப்போகிறோம், அதுவும் சோதனைக்கு என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புடைவைக் கடை ஐயா கேட்டார்: "எத்தனை நாளைக்கு?" மேலிடத்தில் இருந்து அதற்குத் திகதி தரப்படவில்லை. "பார்த்துத்தான் சொல்லுவம் ஐயா" என்றேன். "அப்ப, அது நிரந்தரம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு திகதி இல்லாத எந்தச் சோதனைக்கும் கடைவாசல் ஏறுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதத்தால் சில கோப்புகள் தாமதித்தன. நடந்த சோதனைகள் ஒழுங்காக நடந்தன.

சோதனை நடத்துவதில் சில கைப்பழக்கங்கள் உண்டு. முதல் கிழமையின் எண்ணிக்கையை ஒதுக்கி வைக்க வேண்டும். அது ஆட்கள் வழி தேடுகிற கிழமை. 'முதல்' என்று எண்ணுகிற நாளும் 'பிறகு' என்று எண்ணுகிற நாளும் ஒரே வகை நாளாக இருக்க வேண்டும்: பாடசாலை விடுமுறையில் எண்ணிவிட்டு நெரிசல் குறைந்தது என்பதும், தீபாவளிக்கு முந்தின கிழமை எண்ணிவிட்டுக் கூடியது என்பதும் ஒரே ஏமாற்று. மூடிய வாயிலில் பலகை வைத்துப் பயனில்லை. அதற்கு முந்தின சந்தியில், திரும்ப வழியுள்ள இடத்தில் வைக்க வேண்டும். சீமெந்தில் தொடங்கக் கூடாது. பெயின்றும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்பும் போதும், பிழைத்தால் இரவோடிரவாக மாற்றலாம். கடைக்குச் சாமான் இறக்குகிற நேரத்தை முதலே ஒதுக்கிக் கொடுத்தால் எதிர்ப்பில் பாதி கரைந்துவிடும். பஸ் தரிப்பிடத்தை நகர்த்தினால் புதிய இடத்தில் நிழல் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கச் சொன்னால் ஆச்சிமார் பழைய இடத்து மரத்தடியிலேயே நிற்பார்கள், பஸ்சும் அங்கேயே நிற்கும், சோதனை அன்றைக்கே முடிந்தது.

இவ்வளவையும் செய்ய விடாத இன்னொன்று, கைகளின் எண்ணிக்கை. நகருக்குள் வருகிற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். அடுத்த தர வீதிகள் மாகாணத்திடம். உள்வீதிகள் மாநகர சபையிடம். மினிபஸ்சின் அனுமதி மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடம். கொழும்பு பஸ்சினது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். சிவப்பு பஸ் மத்திய அரசிடம். தடுப்பில் நிற்பவர் பொலிஸ். ஒரு பஸ்சை ஒரு வீதியில் இருந்து அடுத்த வீதிக்கு மாற்ற இத்தனை கையொப்பம்.

வீரசிங்கம் மண்டபத்தருகில் 2021 இல் திறந்த நெடுந்தூர பஸ் நிலையம் இதற்கு நல்ல பாடம். நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டிய நல்ல கட்டடம். நெடுந்தூர பஸ்களை நகர மையத்தில் இருந்து வெளியே எடுப்பது நல்ல நோக்கம். ஆனால் தனியார் பஸ் அங்கே போக, இலங்கைப் போக்குவரத்துச் சபை மத்திய பஸ் நிலையத்தை விட மறுத்தது. இரு தரப்பும் ஒரே நிலையத்தில், ஒரே அட்டவணையில் ஓடுவதா என்ற தகராறு கட்டடத்தைவிட உறுதியாக வருடக்கணக்கில் நின்றது. சிவப்பு பஸ் ஊழியரின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காலங்காலமாக ஆட்கள் தேடி வருகிற இடத்தை விட்டால் வருமானம் போகும் என்பது வெறும் கற்பனையல்ல. கட்டடம் எழும்ப முதல், முற்றவெளிப் பக்கம் கயிறு கட்டி, கொட்டகை போட்டு, சில மாதம் இரு தரப்பையும் ஒரே அட்டவணையில் ஓடவிட்டு, வருமானத்தை வெளிப்படையாகக் கணக்குப் பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். இணக்கம் வராத இடத்தில் சீமெந்து அதைக் கொண்டுவராது.

கொழும்பில் பஸ் தடம் வந்த கதையும் கவனிக்க வேண்டியது. 2017 இல் பத்தரமுல்லை – ராஜகிரிய வழியில் பஸ் முன்னுரிமைத் தடத்தைச் சோதித்தார்கள். 2020 செப்டெம்பர் 14 ஆம் திகதி காலி வீதி, ஹைலெவல் வீதி, பேஸ்லைன் வீதி உட்படப் பல இடங்களில் தடச் சட்டத்தை மறுபடி இறுக்கினார்கள். இடது ஓரத் தடத்தில் பஸ்ஸோடு மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் போக வேண்டும் என்பது முதல் கட்டளை. பெரிய பஸ்சுக்கும் நடைபாதைக்கும் நடுவே மோட்டார் சைக்கிள்காரர் நெரிபட, சில நாட்களிலேயே அவர்களை அடுத்த தடத்துக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தைப் பலர் பரிகசித்தார்கள். எனக்கு அதுதான் அந்தத் திட்டத்தின் நல்ல பகுதி: கோடு பிழைத்தது, கோட்டை மாற்றினார்கள். அதற்குத்தானே சோதனை. பொலிஸ் நிற்கும்வரை தடம் இருப்பதும் பொலிஸ் போனதும் தடம் போவதும்தான் அங்கே தீராத வியாதி.

எங்கள் நகரில் காலி வீதி மாதிரி மூன்று தடம் ஓடுகிற வீதி இல்லை. பஸ்சுக்கென்று மூன்று மீற்றரை ஒதுக்கினால் மிச்சம் இருப்பதில் எதிர்த்திசை வாகனம்கூடப் போகாது. யாழ்ப்பாணத்துக்குப் பஸ் தடம் என்பது இடத்தில் பிரிப்பதல்ல, நேரத்தில் பிரிப்பது. ஆஸ்பத்திரி வீதியின் ஒரு துண்டைக் காலையில் கிளினிக்கும் பாடசாலையும் மோதுகிற மணித்தியாலங்களுக்கு மட்டும் பஸ், அம்புலன்ஸ், சைக்கிள், நடப்பவர் ஆகியோருக்கு ஒதுக்கலாம். நோயாளரை ஏற்றி வருகிற ஓட்டோவுக்கு விலக்கு. சாமான் லொறி விடியற்காலையில் வந்து போகட்டும். பத்து மணிக்குப் பிறகு வீதி பழையபடி. நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று கடதாசியில் இருந்தது. கடதாசியை விட்டு இறங்கவில்லை.

இறக்குகிறவர்கள் ஸ்ரொக்ஹோமைப் பார்க்க வேண்டும். நகர மையத்துக்குள் வருகிற வாகனங்களுக்குக் கட்டணம் என்ற, எவருக்கும் பிடிக்காத ஒரு திட்டத்தை அவர்கள் 2006 ஜனவரி 3 இல் தொடங்கி ஜூலை 31 இல் நிறுத்தினார்கள். கட்டணத்துக்குப் பல மாதம் முதலே, 2005 ஓகஸ்டில், மேலதிக பஸ்களை ஓடவிட்டிருந்தார்கள். கட்டணம் இருந்த மாதங்களில் எல்லையைத் தாண்டுகிற வாகனம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சொன்ன திகதியில் நிறுத்தியதும் வாகனங்கள் திரும்பி வந்தன. ஆட்கள் அதையும் கண்டார்கள். செப்டெம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது நகரத்தவர் வேண்டும் என்றார்கள். 2007 ஓகஸ்டில் திட்டம் நிரந்தரமானது. தொடங்க முதல் எதிர்த்தவர்களில் பலரை மாற்றியது விளம்பரமல்ல. இருந்தபோது எப்படி, இல்லாதபோது எப்படி என்று இரண்டையும் தங்கள் தெருவிலேயே பார்க்கக் கிடைத்தது.

ஆகவே இப்போது உத்தியோகத்தில் இருக்கிற இளையவர்கள் ஆலோசனை கேட்டு வந்தால், வரைபடத்துக்கு முதல் பலகையில் எழுதப்போவதைக் காட்டுங்கள் என்பேன். தொடங்குகிற திகதி, முடிகிற திகதி, எதை எண்ணப்போகிறோம், எந்த எண்ணிக்கை வந்தால் கைவிடுவோம், முறைப்பாட்டை யாரிடம் சொல்வது. ஐந்து வரி. கைவிடுகிற வரியை எழுதத்தான் அதிகாரிகள் தயங்குவார்கள். தோல்வியை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயம். அந்த வரி இல்லாத பலகையை மக்கள் அறிவித்தலாக வாசிக்க மாட்டார்கள், ஆணையாக வாசிப்பார்கள். ஆணைகளை இந்த ஊர் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டது.